பருத்தி வயலில் மறுபடியும் பைன் காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பருத்தியும் நிலக்கடலையும் சோளமும் விளைந்த வயல்களை, அந்த மண்ணுக்கே உரிய லாங்லீஃப் பைன் காடாகத் திருப்பும் வேலை பல வருஷங்களாக நடந்து வருகிறது. ஜார்ஜியாவிலும் வட ஃப்ளோரிடாவிலும் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். எல்லோரும் முதலில் மரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். என் பதில் எப்படியும் புல்லில் வந்துதான் நிற்கும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இது என்ன காடு? எங்கே இருந்தது?

லாங்லீஃப் பைனின் தாவரவியல் பெயர் பைனஸ் பலுஸ்ட்ரிஸ். வர்ஜீனியாவின் தென்கிழக்கு மூலையில் தொடங்கி இரண்டு கரோலினாக்கள், ஜார்ஜியா, ஃப்ளோரிடா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா என்று கிழக்கு டெக்சஸ் வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் இந்தக் காடு பரவியிருந்தது. ஊசியிலை மூன்று மூன்றாகக் கொத்தில் இருக்கும். ஒன்றரை அடி வரைகூட நீளும். கூம்பு ஒரு சாண் நீளம். மரம் சர்வசாதாரணமாக 300 வருஷம் வாழும்.

காடு என்றதும் அடர்ந்து இருண்ட ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். மரங்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். வெயில் தடையில்லாமல் தரை வரை இறங்கும். தரை முழுக்கப் புல், நடுவே அவரைக் குடும்பத்துச் சிறு செடிகள், சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்கள், ஈரமான பள்ளங்களில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள். நல்ல இடங்களில் ஒரே ஒரு சதுர மீட்டரில் 40 செடி வகைகளுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். மேலே பார்த்தால் ஒரே ஒரு மரம், செல்வமெல்லாம் காலடியில்.

9 கோடி ஏக்கர் எப்படிக் காணாமல் போனது?

பாய்மரக் கப்பல் காலத்தில் இந்த மரத்தின் பிசினிலிருந்து டர்பென்டைனும், பிசின் ஏறிய கட்டையிலிருந்து தாரும் எடுத்தார்கள். பட்டையைச் செதுக்கிச் செதுக்கிப் பல மரங்கள் பிசின் கறந்தே செத்தன. 1880-களுக்குப் பிறகு ரயில் பாதையும் நீராவி ரம்பமும் வந்து, அடுத்த 40, 50 வருஷத்தில் மிச்சக் காட்டையும் அறுத்து முடித்துவிட்டன. நல்ல மேட்டு நிலமெல்லாம் பருத்திக்கும் புகையிலைக்கும் போனது. அவிழ்த்து விட்ட பன்றிகள் இளங்கன்றின் வேரைத் தோண்டித் தின்றன. அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பன்றிக்குக் கிழங்கு கிடைத்த மாதிரி. அப்புறம் காட்டுத் தீயை எங்கே கண்டாலும் அணைக்கும் கொள்கை வந்தது. கடைசியாக, சீக்கிரம் வளர்கிறது என்று லாப்லாலி பைனையும் ஸ்லாஷ் பைனையும் காகித ஆலைகளுக்காக வரிசை வரிசையாக நட்டார்கள்.

1990-களில் எஞ்சியிருந்தது சுமார் 30 லட்சம் ஏக்கர். 2009-ல் மாநில, மத்திய அரசு அமைப்புகளும் தனியார் அமைப்புகளும் சேர்ந்து, 34 லட்சம் ஏக்கரை 2025-க்குள் 80 லட்சமாக்குவது என்று திட்டம் போட்டன. இன்றைய பரப்பு 50 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. இலக்கை எட்டவில்லைதான். ஆனாலும் நூறு வருஷமாகச் சரிந்துகொண்டே வந்த கணக்கு திரும்பி ஏறுவதே சின்ன விஷயமில்லை.

வயலை உழாமல் சும்மா விட்டால் தானாகவே காடு ஆகிவிடாதா?

ஏதோ ஒரு காடு ஆகும். இந்தக் காடு ஆகாது.

லாங்லீஃப் விதை கனமானது, பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து 20 மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். அதுவும் எல்லா வருஷமும் காய்க்காது. நல்ல காய்ப்பு சில வருஷத்துக்கு ஒருமுறைதான். பக்கத்தில் தாய்மரமே இல்லாத வயலுக்கு விதை எங்கிருந்து வரும்? சும்மா விட்ட வயலில் முதலில் களை, பிறகு லாப்லாலி, ஸ்வீட்கம் மரங்கள், முட்கொடிகள் என்று இருபது வருஷத்தில் உள்ளே நுழைய முடியாத புதராகிவிடும்.

மரத்தையாவது நட்டுவிடலாம். தரைச் செடிகள்தான் பெரிய சிக்கல். தென் கரோலினாவில் சவானா நதிக் கரையில் அணு ஆயுதப் பொருள் தயாரிக்க அரசு 1950-51-ல் பெரிய பரப்பைக் கையகப்படுத்தியது. எல்லென்டன் என்ற ஊரையே காலி செய்தார்கள். அங்கிருந்த விவசாய நிலங்களில் வனத்துறை பைன் நட்டது. அரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, முன்பு ஏர் பட்ட இடம் எது, படாத இடம் எது என்று தரையில் உள்ள செடிகளை வைத்தே சொல்ல முடிந்தது. இரண்டிலும் மேலே இருந்தது ஒரே மாதிரி பைன்தான். நடுநடுவே மரங்களை வெட்டிக் கொஞ்சம் கலைத்துவிட்டு விதையையும் தூவிய இடங்களில்தான் நிலைமை மாறியது. விதை இல்லாததும் வெயில் இல்லாததும் சேர்ந்துதான் தடை என்று அதிலிருந்து தெரிந்தது.

அப்படி வயல் மண்ணில் என்னதான் கோளாறு?

மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது அடிமண் இறுக்கம். வருஷக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுததால் ஓரடிக்குக் கீழே மண் பலகை மாதிரி இறுகியிருக்கும். ஆணிவேரை நம்பி வாழும் மரத்துக்கு இது ஆகாது.

இரண்டாவது, போட்ட உரம். லாங்லீஃபும் அதன் கூட்டாளிச் செடிகளும் புளிப்பான, சத்துக் குறைந்த மணலில் பழகியவை. நிலக்கடலைக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். மண்ணின் புளிப்புத்தன்மை போயிருக்கும். பாஸ்பரஸ் தங்கியிருக்கும். இவை களைக்குத்தான் கொண்டாட்டம். அதனால் கன்று நடும்போது உரம் போட வேண்டாம். “கொஞ்சமா டிஏபி போட்டா என்ன?” என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். போட்டதெல்லாம் களை சாப்பிடும்.

மூன்றாவது களை விதைகள். தென் ஜார்ஜியாவின் பருத்தி, கடலை வயல்களில் சிக்கில்பாட் என்று ஒரு களை உண்டு. நம் ஊர் ரோட்டோரத் தகரைக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். அதோடு பால்மர் அமராந்த் என்ற கீரைக் குடும்பத்துக் களை, பெருஞ்சீரகம் மாதிரி நெடுநெடுவென வளரும் டாக்ஃபென்னல், எல்லாம் மண்ணில் காத்திருக்கும்.

மேய்ச்சல் நிலமாக இருந்த இடம் இன்னும் சுலபமில்லையா? ஏற்கெனவே புல் இருக்கிறதே.

அதுதான் இன்னும் கஷ்டம். அங்கே இருக்கும் புல் இந்த ஊர்ப் புல் இல்லை.

பெர்முடா என்று இங்கே சொல்வது வேறெதுவும் இல்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். இங்கே வைக்கோலுக்காக வளர்ப்பது அதன் உயர்விளைச்சல் ரகங்கள். பஹியா என்ற இன்னொரு புல் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோடுதல்தான் இங்கே வில்லன். மண்ணுக்குள் ஒரு கணு மிச்சமிருந்தாலும் போதும், அடுத்த கோடையில் கன்றைச் சுற்றி வளைத்துத் தண்ணீரை உறிஞ்சிவிடும். லாங்லீஃப் கன்று முதல் வருஷத்தில் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனவே நடுவதற்கு முந்தைய கோடை, இலையுதிர் காலத்திலேயே புல் பச்சையாக இருக்கும்போது களைக்கொல்லி அடித்துக் கொன்றாக வேண்டும். பழைய மேய்ச்சல் நிலத்தில் ஒரு தடவை அடித்தால் போதாது. ரசாயனமே வேண்டாம் என்று நினைப்பவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அருகும் பஹியாவும் மண்டிய பத்து ஏக்கரைக் களைக்கொட்டால் வெல்ல முடியாது. ஆரம்பத்தில் முறையாக அடித்து முடித்துவிட்டால் பிற்பாடு அடிக்க வேண்டிய அவசியம் வெகுவாகக் குறையும்.

இன்னொரு எதிரியும் நமக்குத் தெரிந்ததே. கோகன்கிராஸ் என்று இங்கே அலறுகிறார்களே, அது தருப்பை வகைகளில் ஒன்று. 1912 வாக்கில் ஜப்பானிலிருந்து வந்த ஆரஞ்சுக் கன்றுப் பெட்டிகளில் திணிப்பாக வந்து, அலபாமாவின் கிராண்ட் பே பக்கம் வேரூன்றியது. மற்ற களைகளைத் தீ அடக்கும். இதற்குத் தீ உதவி செய்யும். இது எரியும் சூட்டில் லாங்லீஃப் இளமரமே செத்துப்போகும். நிலத்தில் ஒரு திட்டு கண்டாலும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். வாடகைக்கு வரும் டிராக்டரின் சக்கரத்தையும் கலப்பையையும் கழுவிய பிறகே உள்ளே விடுங்கள்.

நிலத்தை எப்படித் தயார் செய்வது?

புல்லைக் கொன்ற பிறகு உளிக்கலப்பையால் நட வேண்டிய வரிசையில் ஆழமாகக் கீறி அடிமண் இறுக்கத்தை உடைப்பார்கள். சரிவாக இருந்தால் சம உயரத்தில்தான் கீற வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் அந்தக் கீறலையே ஓடையாக்கிவிடும். நடவுக்குச் சில மாதம் முன்பே செய்து, மழை பெய்து மண் அமர விட வேண்டும். அமராத கீறலில் நட்டால் வேருக்கடியில் காற்று தங்கும், கன்று காய்ந்துவிடும். இதனால் பலர் கீறலின் நடுவில் நடாமல் சற்றுப் பக்கத்தில் நடுவார்கள்.

அதோடு வரிசை நெடுக ஒரு கஜ அகலத்துக்கு மேல்மண்ணை மூன்று நான்கு அங்குலம் செதுக்கி இரு பக்கமும் தள்ளுவது பழைய வயல்களில் வழக்கம். களை விதை, அருகம்புல் கிழங்கு, போன வெள்ளாமைக்கு அடித்த மருந்தின் மிச்சம் எல்லாம் அதோடு போகும். நிலக்கடலை வேரைத் தின்னும் ஒரு வண்டின் புழு மேல்மண்ணில் இருக்கும். பைன் ஆணிவேரையும் விடாது. அதுவும் ஒதுங்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த நிலத்தில் செதுக்கக் கூடாது, பள்ளத்தில் கன்று மூழ்கிவிடும்.

எந்த நாற்று? எப்படி நடுவது?

குழித்தட்டு நாற்று வாங்குங்கள். வேரில் மண் இல்லாமல் பிடுங்கிக் கட்டாக விற்பதும் உண்டு, விலை குறைவு. ஆனால் லாங்லீஃப் விஷயத்தில் அப்படி நட்டவை பிழைப்பது குறைவு. நாற்றின் வேர்க்கழுத்து, அதாவது வேரும் தண்டும் சேரும் இடம், கால் அங்குலமாவது தடித்திருக்க வேண்டும். குருத்து வெளியே தெரிய வேண்டும். வேர்க்கட்டியைப் பிடித்துத் தூக்கினால் உதிராமல் நிற்க வேண்டும்.

நடவு காலம் நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தோண்டிப் பார்த்துவிட்டு நடுங்கள்.

பெரும்பாலான சாவுக்குக் காரணம் ஆழம். மற்ற பைன் கன்றுகளுக்குத் தண்டு இருக்கும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் பரவாயில்லை. லாங்லீஃப் கன்றுக்கு வெளியே தெரியும்படி தண்டே கிடையாது. ஊசியிலைக் கொத்தின் நடுவில், தரையோடு தரையாக இருக்கும் அந்த ஒற்றைக் குருத்துதான் அதன் உயிர். அது மண்ணில் புதைந்தால் முடிந்தது. நடவு இரும்பை மண்ணில் இறக்கி, முன்னும் பின்னும் அசைத்துக் குழி எடுத்து, வேர்க்கட்டியை இறக்கி, அதன் மேல் விளிம்பு மண் மட்டத்துக்கு ஒரு நூல் மேலே தெரிய விட்டு, பக்கத்தில் மண்ணை அமுக்க வேண்டும். செதுக்கிய வரிசையாக இருந்தால் இன்னும் அரை அங்குலம் தூக்கலாகவே விடுங்கள். முதல் இரண்டு மழையில் இரு பக்க மண்ணும் சரிந்து வந்து மூடும். கூலிக்கு நடும் குழுவினர் லாப்லாலி நட்ட கைப்பழக்கத்தில் ஆழமாக நட்டுக்கொண்டே போவார்கள். முதல் நாள் காலையில் கூடவே நடந்து பத்துப் பத்துக் கன்றாகப் பார்த்துச் சொல்வது நில உரிமையாளரின் வேலை. சாயங்காலம் போய்ச் சொன்னால் பத்தாயிரம் கன்று நட்டிருப்பார்கள்.

ஏக்கருக்கு எத்தனை கன்று?

மரம்தான் முக்கியம் என்றால் 6 அடிக்கு 12 அடி, ஏக்கருக்கு 605. புல்லும் காடையும் வேண்டும் என்றால் 10-க்கு 10 அடி, ஏக்கருக்கு 435. அதற்கும் குறைவாக நடுபவர்களும் உண்டு. நெருக்கி நட்டால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நிழல் மூடி அடியில் சருகு மட்டும்தான் இருக்கும். நான் 10-க்கு 10 பக்கம்.

நட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஓர் அங்குலம்கூட உயரவில்லை. செத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. அது இப்போது புல் பருவத்தில் இருக்கிறது.

வேறு பைன்கள் முதல் வருஷமே தலை தூக்கும். இது பல வருஷம் ஒரு புல் குத்து போலவே தரையில் உட்கார்ந்திருக்கும். இரண்டு வருஷத்திலும் எழும், ஏழெட்டு வருஷமும் எடுக்கும். களை நெருக்கினால் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரமெல்லாம் அடியில் ஆணிவேர் இறங்கிக்கொண்டிருக்கும். குனிந்து ஊசியிலைகளை விலக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளி நிறச் செதில் போர்த்திய தடித்த குருத்து ஒன்று இருக்கும். அது கெட்டியாக, வெளுப்பாக இருந்தால் கன்று நலம். பழுத்துக் கையோடு வந்தால் போய்விட்டது. வேர்க்கழுத்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தடித்ததும் குருத்து கிளம்பும். அதன்பின் வருஷத்துக்கு இரண்டு மூன்று அடி சாதாரணம்.

இந்தப் பருவத்தில் ஊசியிலையில் பழுப்புப் புள்ளி விழும் பூஞ்சை நோய் வரும். முற்றினால் கன்று எழவே எழாது. அதற்கு மருந்து தீதான்.

தீ வைப்பதா? நட்ட கன்றுக்கா?

ஆமாம். சரியான நேரத்தில், சரியான நாளில், அனுமதியோடு.

இந்தக் காடே தீயில் உருவானது. மே முதல் ஜூலை வரை இடியும் மின்னலும் இங்கே அதிகம். அதில் பற்றிய தீயும், பூர்வகுடி மக்கள் வைத்த தீயும் ஒன்று முதல் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தரையோடு ஓடும். நெருப்பு குட்டையாக, வேகமாகக் கடந்துவிடும். புல் பருவக் கன்றின் நீண்ட ஊசியிலைகள் கருகும். குருத்தைச் சுற்றி ஈரத்தோடு நெருங்கி நிற்கும் பச்சை இலைகள் அதற்குக் கவசம். எரிந்த மறுநாள் பார்த்தால் வயிறு கலங்கும். கறுத்த தரை, கருகிய துடைப்பக் குச்சிகள் மாதிரி கன்றுகள். மூன்று நான்கு வாரத்தில் ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சை கிளம்பும். போட்டியாக வந்த ஸ்வீட்கம் கன்றும் களையும் கருகிக் கிடக்கும், நோய்ப்பட்ட பழைய இலை சாம்பலாகியிருக்கும்.

வயல் நடவில் பொதுவாக இரண்டாவது வளர்பருவம் முடிந்த குளிர்காலத்தில், வேர்க்கழுத்து அரை அங்குலமாவது தடித்த பிறகு, முதல் தீ வைக்கலாம். மழை பெய்து ஓரிரு நாள் ஆன பிறகு, காற்று ஒரே திசையில் நிதானமாக வீசும் நாளில், எதிர்காற்றில் மெதுவாக நகரும்படி வைப்பது பாதுகாப்பு. கன்று எழும்பத் தொடங்கி ஓரடியிலிருந்து ஆளுயரம் வரும் வரைதான் ஆபத்தான காலம். அப்போது குருத்து சரியாகத் தீ நாக்கின் உயரத்தில் இருக்கும். அந்த ஓரிரு வருஷம் தள்ளிப்போடலாம்.

தீத்தடுப்புக் கோடு உழுது வைத்திருக்க வேண்டும். ஆள் வேண்டும், தண்ணீர் வண்டி வேண்டும். ஜார்ஜியாவில் மாநில வனத்துறை ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அனுபவமில்லாமல் தனியாக இறங்காதீர்கள். பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள்; எரித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அட்லாண்டாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் காரில் போனால் வழியில் புகை வாடை அடிக்குமே, பெரும்பாலும் அது இந்த வேலைதான்.

சரி, புல்லுக்கு வருவோம். எந்தப் புல்?

ஜார்ஜியா, ஃப்ளோரிடா, அலபாமாவின் தென்பகுதியில் முக்கியமானது வயர்கிராஸ். கம்பி போல மெலிந்து சுருண்ட இலை, குத்துக் குத்தாக வளரும். வட கரோலினாப் பக்கம் இருப்பது அதன் நெருங்கிய உறவு. மிசிசிப்பிக்கு மேற்கே வயர்கிராஸ் கிடையாது, லிட்டில் புளூஸ்டெம் போன்ற வேறு புற்கள் அந்த இடத்தில் இருக்கும். எனவே யாரோ எங்கோ எழுதிய பட்டியலை அப்படியே எடுக்க வேண்டாம்.

புல் ஏன் இவ்வளவு முக்கியம்? தீ ஓடுவதற்கு எரிபொருள் வேண்டும். உதிர்ந்த ஊசியிலையும் அதைத் தாங்கிப் பிடிக்கும் புல் குத்துமாகச் சேர்ந்தால்தான் காற்றோட்டமாக, ஈரம் சீக்கிரம் காய்ந்து, சீராக எரியும். புல் இல்லாத இடத்தில் தீ அங்கங்கே நின்றுவிடும். நின்ற இடத்தில் புதர் வரும். புதர் வந்தால் அடுத்த தீ இன்னும் மோசமாக நிற்கும். பத்து வருஷம் இப்படிப் போனால் உங்களிடம் இருப்பது வெறும் மரத்தோப்பு. வரிசையாக லாங்லீஃப் நிற்கும், தரையில் எதுவுமே இருக்காது. அப்படிப்பட்ட ‘மீட்கப்பட்ட’ காடுகள் புள்ளிவிவரத்தில் நிறைய இருக்கின்றன.

வயர்கிராஸ் தானாக வராது. ஒருமுறை உழுது போட்டால் அந்த இடத்துக்கு அது திரும்புவது அபூர்வம். அதனாலேயே, வயர்கிராஸ் செழித்த நிலத்தைப் பார்த்தால் இங்கே ஏர் பட்டதில்லை என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

அதன் விதை கடையில் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தட்டுப்பாடு. வயர்கிராஸுக்கு ஒரு விசேஷ குணம்: குளிர்காலத்தில் எரித்தால் பெயருக்குத்தான் கதிர் விடும். மே, ஜூன், ஜூலையில் எரித்தால்தான் அந்த இலையுதிர் காலத்தில் தேறிய விதை பிடிக்கும். தீக்கும் அதற்கும் உள்ள பந்தம் அப்படி. ஆக, விதை வேண்டுமென்றால் எங்கோ ஒரு நல்ல காட்டைக் கோடையில் எரித்து, நவம்பர், டிசம்பரில் டிராக்டர் முன்னால் சுழலும் பிரஷ் பொருத்தி உருவி எடுக்க வேண்டும். கிடைப்பது சுத்தமான விதை இல்லை. உமி, துரும்பு, கூட வளர்ந்த மற்ற செடிகளின் விதை எல்லாம் கலந்த மூட்டை. கலப்படம் என்று முகம் சுளிக்காதீர்கள், நமக்கு அந்தக் கலவைதான் வேண்டும். ஒரே உருவலில் பல வகைச் செடிகள் வந்துவிடும். நெடுநாள் சேமிக்க முடியாது. எடுத்த குளிர்காலத்திலேயே விதைத்து, உருளை ஓட்டி மண்ணோடு அமுக்குவது நல்லது.

ஃப்ளோரிடாவின் அப்பலாச்சிகோலா ஆற்றங்கரையில் உள்ள பாதுகாப்புப் பகுதியில் 1980-களிலிருந்தே இதைச் சோதித்துச் சோதித்து முறைப்படுத்தினார்கள். இன்று மற்றவர்கள் பயன்படுத்தும் பல உத்திகள் அங்கே பழகியவை.

விதை கிடைக்காவிட்டால் நாற்று. மூன்றடிக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்கு 4,840 வேண்டும். நிலம் முழுக்க நடக் கையைக் கடிக்கும். அங்கங்கே திட்டுத் திட்டாக நட்டு, அவை விதை பிடிக்கும்படி கோடையில் எரித்து, பரவ விடுவது கட்டுப்படியாகும். அது பத்து, இருபது வருஷக் கணக்கு. விதைக்கும் வேலையைப் பைன் நடுவதற்கு முன்பே செய்ய முடிந்தால் அதுதான் உத்தமம். களை ஒழிப்பை ஒரே முறையில் முடித்துவிடலாம், டிராக்டரும் தாராளமாகத் திரும்பும்.

மாடு மேய்க்கலாமா?

கன்று எழும்பும் வரை வேண்டாம், மிதிபட்டே போகும். பிறகு அளவாக மேய்க்கலாம், இந்தப் பகுதியில் அது பழைய வழக்கமும்கூட. காட்டுப்பன்றி வந்தால் மட்டும் உடனே பொறி வையுங்கள்.

பறவை, விலங்குகள் எப்போது வரும்?

பாப்வைட் காடை முதலில் வரும். புல் குத்துகளுக்கு நடுவே வெறும் மண் தெரிந்தால்தான் அதன் குஞ்சுகள் ஓடியாடிப் பூச்சி பிடிக்க முடியும். அருகம்புல் பாய் விரித்த மாதிரி மூடிய இடத்தில் குஞ்சு நகரக்கூட முடியாது. மணற்பாங்கான நிலமாக இருந்து பக்கத்தில் எங்காவது மிச்சமிருந்தால் கோஃபர் ஆமை வரும். அது தோண்டும் வளை சராசரி 15 அடி நீளம். அந்த வளைகளை இண்டிகோ பாம்பு முதல் தவளை, வண்டு வரை 350-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பயன்படுத்துவதாகக் கணக்கு. தீ வரும்போது பலவும் அதற்குள்தான் ஒதுங்கும்.

ரெட்-காக்கேடட் மரங்கொத்திக்குத்தான் பொறுமை வேண்டும். உயிருள்ள பைனில் பொந்து குடையும் மரங்கொத்தி அது. உள்மரம் பூஞ்சையால் மெத்தென்று ஆகியிருக்கும் முதிர்ந்த மரங்களைத்தான் தேடும். 80 வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொந்தைச் சுற்றிக் கொத்திப் பிசின் வழிய விடும், பாம்பு ஏறாது. 1970-லிருந்து அழியும் நிலைப் பட்டியலில் இருந்த இதை 2024-ல் ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலில் உள்ளது என்று மாற்றினார்கள். 1989-ல் ஹ்யூகோ புயல் தென் கரோலினாவில் அதன் பொந்து மரங்களை முறித்துப் போட்டபின், மரத்தில் பதிக்கும் செயற்கைப் பொந்துப் பெட்டிகள் பெருமளவில் வழக்கத்துக்கு வந்தன. அதனால் முழு 80 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகள் பார்க்கலாம்.

இதில் காசு வருமா?

சீக்கிரம் வராது. அரசு உதவி உண்டு. 1985-ல் தொடங்கிய கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம் என்ற திட்டத்தில், விவசாய நிலத்தை 10 முதல் 15 வருஷம் வெள்ளாமையிலிருந்து விலக்கி வைத்தால் வருஷ வாடகை தருவார்கள், நடவுச் செலவில் பங்கும் உண்டு. தொடக்கத்தில் அதில் தெற்கே நட்டதெல்லாம் பெரும்பாலும் லாப்லாலியும் ஸ்லாஷும். 2006-ல் தான் லாங்லீஃபுக்கென்றே 2.5 லட்சம் ஏக்கர் இலக்கோடு தனிப் பிரிவு வந்தது. விதிமுறையும் தொகையும் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் கவுண்டி விவசாய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

பிற்பாடு வேட்டைக் குத்தகை, 15 முதல் 20 வருஷத்தில் கலைத்து விடும் மரம், அப்புறம் மின்கம்பத்துக்கான மரம் என்று வருமானம். லாங்லீஃப் நேராக வளர்வதால் கம்ப விலை கிடைக்கும் மரங்கள் கூடுதல். பைன் சருகைத் தோட்ட மூடாக்குக்கு விற்பதும் நல்ல வியாபாரம். ஆனால் வருஷா வருஷம் வாரினால் புல்லும் போகும், தீக்கு எரிபொருளும் போகும். வார வேண்டுமென்றால் நிலத்தின் ஒரு மூலையைச் சருகுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்றதைத் தொடாதீர்கள்.

புயலைத் தாங்குமா?

லாப்லாலியைவிடத் தாங்கும். 2005 கத்ரீனாவுக்குப் பிறகு மிசிசிப்பியில் ஒப்பிட்டுப் பார்த்ததில் லாங்லீஃப் இழப்பு குறைவு. அதற்காக அசையாது என்று அர்த்தமில்லை. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் ஃப்ளோரிடாவின் வடமேற்குக் கரையோரத்தில் ஏறித் தென்மேற்கு ஜார்ஜியா வரை போனபோது எந்த வகைப் பைனும் சேதமில்லாமல் தப்பவில்லை.

கொடைக்கானல், நீலகிரிப் பைன் காடும் இது போலத்தானே? அங்கேயும் இதை நடலாமா?

வேண்டவே வேண்டாம். அங்கே நிற்பது மெக்சிகோவிலிருந்து வந்த பைன். சோலைக்காடுகளுக்கு இடையே இருந்த இயற்கைப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து, அதன் மேல் பைனையும் தைலமரத்தையும் வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும் நட்டார்கள். அங்கே மீட்பு என்றால் பைனை எடுத்துவிட்டுப் புல்லைக் கொண்டுவருவது. இங்கே பைனோடு புல்லைக் கொண்டுவருவது. எந்த மண்ணுக்கு எது சொந்தமோ அதுதான் கணக்கு.

என்னிடம் ஐந்து ஏக்கர்தான் இருக்கிறது. பிரயோஜனம் உண்டா?

உண்டு. ஆனால் முதலில் சுற்றுமுற்றும் பாருங்கள். வீடுகளும் நெடுஞ்சாலையும் ஒட்டியிருந்தால் தீ வைக்க அனுமதி கிடைப்பதும் எரித்துக் கொடுக்க ஆள் கிடைப்பதும் கஷ்டம். தீ வைக்க முடியாத இடத்தில் இந்தக் காட்டைக் காப்பாற்ற முடியாது. அங்கே வேறு மரம் யோசியுங்கள். தீ வைக்க முடியும் என்றால் அக்கம்பக்கத்தாரிடம் பேசி ஒரே நாளில் சேர்ந்து எரித்தால் செலவு பங்காகும். ஐந்தில் ஒரு ஏக்கரை வயர்கிராஸுக்கே ஒதுக்கி நன்றாக வளர்த்தால் பிற்பாடு மீதி நான்குக்கும் விதை அங்கிருந்தே வரும். மாநில வனத்துறை அலுவலரை ஒருமுறை நிலத்துக்குக் கூட்டி வாருங்கள், வந்து பார்த்து ஆலோசனை சொல்வார்கள். நாற்றுக்கு மட்டும் வசந்த காலத்திலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். இலையுதிர் காலத்தில் போய்க் கேட்டால் லாப்லாலிதான் மிச்சமிருக்கும்.